இருபத்தைந்து டிகிரிக்குக் கீழ்

வியாழன் மூன்று மணிக்கு மருந்துப்பட்டியல் குழு.
என்னிடம் ஒரே ஒரு பக்கம் கேட்டிருந்தார்கள்:
புது மாத்திரை உள்ளே வரலாமா,
பழையதை அடித்துவிடலாமா.

நான்கு நாளாய்ப் படித்தேன்.
நல்ல ஆய்வுதான். ஆயிரத்து நூறு பேர்,
சராசரி எடை எண்பத்திரண்டு கிலோ.
எங்கள் வார்டில் அந்த எடைக்கு
இரண்டு பேரைச் சேர்த்து நிறுத்த வேண்டும்.

விலை, பழையதைப்போல் பதினோரு மடங்கு.
பலன், நூற்றில் இரண்டு பேருக்குக் கூடுதலாக.
அந்த இரண்டு பேர் யாரென்று
எந்தப் புத்தகத்திலும் போடவில்லை.

நடுநடுவே போன்.
“டியூப் வழியா கொடுக்கணும், இதைப் பொடிக்கலாமா?”
பொடிக்கக் கூடாது சிஸ்டர்.
திரும்பினால் படித்த வரி தப்பியிருக்கும்.

அப்படித் தப்பியதைத் தேடும்போதுதான்
கடைசிப் பக்கத்தில், எறும்பு எழுத்தில்:
இருபத்தைந்து டிகிரிக்குக் கீழ் வைக்கவும்.

வெளியே கத்திரி.
ஸ்டோர் முனிரத்தினம் சிரித்தார்:
“வேலூர்ல ராத்திரிக்கே முப்பதும்மா.”
ஒடுகத்தூர் பஸ்ஸில்
கொதிக்கும் இன்ஜின் மூடிமேல் பையை வைத்து
மூன்று மாத மாத்திரையோடு போகும்
பவுனம்மா நினைவுக்கு வந்தாள்.

குழுவில் டாக்டர் எஸ்றா கேட்டார்:
“சூட்டில் கிடந்தால் என்ன ஆகும்?”
தெரியாது என்றேன்.
கம்பெனிக்கு எழுதினேன், பதிலுக்கு
பளபளப்பான அட்டையில் அதே ஆய்வு வந்தது.

பழையதே இருக்கட்டும்,
ஆறு மாதம் கழித்துப் பார்க்கலாம் என்று எழுதிக்கொண்டார்கள்.
கையெழுத்துப் போட்டேன்.

நூற்றில் அந்த இரண்டு பேர்
ஓ.பி. வரிசையில் நின்றிருப்பார்கள்.
அவர்களைத் தாண்டித்தான்
டீ குடிக்கப் போனேன்.