தீத்தூணைக் கழுவப் போனது

வருஷத்துக்கு ஒருமுறை
தீ இல்லாத இடத்துக்கு மணி அடிக்காமல் போவோம்.
சித்திரை பத்து, நெல்லுக்கடைத் தெரு முக்கு.
பத்து மணிக்குச் சேர்மன் மாலையோடு வருவார்,
அதற்குள் தூணிலிருந்து காக்கை எச்சம் போயாக வேண்டும்.

வெட்டாறு மணலாகக் கிடந்தது.
பாலத்தடியில் பையன்கள் ஸ்டம்ப் நட்டிருந்தார்கள்.
அன்றைக்கும் இப்படித்தான் கிடந்திருக்கும்,
ருத்ரோத்காரி வருஷம்,
ஆற்றில் தண்ணீர் வர இன்னும் இரண்டு மாதம் பாக்கி.

தூண் முப்பதடி. உச்சியில்
கல்லிலேயே செய்த நெருப்பு,
தூரத்திலிருந்து பார்த்தால் பாதி உரித்த வாழைப்பூ.
முகப்பில் விரல்நுனி நுழையும் ஆழத்துக்கு எழுத்து:

கடை எழுபத்திரண்டு.
நெல் நாற்பதாயிரம் கலம்.
சாக்கு எண்ணெய் ஜவுளி வகையறா லட்சத்துச் சொச்சம்.
வண்டிமாடு பதினொன்று.
மற்றும் ஆட்கள் சிலர்.
தண்ணீர் கிடையாமையால்.

அதற்குக் கீழே உபயதாரர்கள்,
இனிஷியலோடு, பூர்வீக ஊரோடு, பட்டத்தோடு.

தண்ணீர் கிடையாமையால் என்ற வரியிலிருந்து
நாற்பது தப்படி நடந்தால் குளம்.
எண்ணியிருக்கிறேன். தூரத்தை ஹோஸ் கணக்கில் பார்ப்பது
தொழில் பழக்கம். இரண்டு ஹோஸ் போதும்.
நாலு பக்கமும் படி, நாலு பக்கமும் மதில்,
ஒரு பக்கம் கதவு.
கதவு இப்போது இல்லை. அதன் குடுமி சுழன்ற குழி
கல்லில் இருக்கிறது, வழவழவென்று.

நெய்னா முகமது பம்பைப் போட்டார்.
முன்பக்கம் முடித்துப் பின்பக்கம் போனேன்,
சாக்கடைப் பக்கம், போஸ்டர் பசையும் வெற்றிலைக் கறையும்.
யாரும் கழுவச் சொல்லாத பக்கம்.
ஏன் போனேனென்று கேட்டால், தொட்டியில் தண்ணீர் மிச்சமிருந்தது.

நனைந்ததும் கல் கறுத்தது.
கறுப்பில் வெளுப்பாக ஏதோ கீறல்.
உளி இல்லை. ஆணி, அல்லது வண்டி அச்சாணி.
விளக்கில்லாமல் தடவித் தடவி எழுதிய கோணலில்,
நெஞ்சு உயரத்தில் தொடங்கி முழங்கால் வரை:

பாவாட
பக்கிரி
பக்கிரி பெஞ்சாதி
வடுவச்சி
தொப்ளான்
சூச
நொண்டிக் காத்தான்
காத்தான் மவ, பேர் வெக்கலெ

ஒன்பது மணிக்கே வெயில் உறைத்தது.
மேலிருந்து காய்ந்தது கல்.
பாவாடை போனார். பக்கிரி போனார்,
பெஞ்சாதி பின்னாலேயே.
அடித்தேன். வந்தார்கள்.
"போதும் தம்பி, சுத்தமாயிட்டு" என்றார் நெய்னா.
அடித்தேன்.
"கல்லுல ஓட்டை போடப் போறியா?"

வந்து பார்த்தார். வாய்க்குள் படித்தார்,
கடைசி வரியை இரண்டு தரம்.
ஒன்றும் சொல்லாமல் வண்டிக்குப் போய்
பிரஷரைக் குறைத்தார்,
இருக்கிற தண்ணீர் கூடக் கொஞ்ச நேரம் வருமென்று.

நாலாயிரத்து ஐந்நூறு லிட்டர்.
சேர்மன் பேசி முடிக்கும்போது
என் கையில் ஹோஸ் சொட்டிக்கொண்டிருந்தது.
முன்பக்கம் கைதட்டினார்கள்.
இந்தப் பக்கம் காத்தான் மட்டும் பாக்கி,
அடியில் தேங்கிய ஈரத்தில்
காத்தான் மகளும்.

எந்தத் தீக்கும் நாங்கள்
இவ்வளவு தாமதமாகப் போனதில்லை.

நிலையத்தில் பதிவேடு எழுதுவது என் முறை.
சென்ற இடம். செலவான தண்ணீர்: முழுத் தொட்டி.
அழைத்தவர் பெயர் என்ற கட்டத்தில்
நகராட்சி என்றுதான் வழக்கமாகப் போடுவோம்.
பாவாடை, நெல்லுக்கடைத் தெரு என்று எழுதினேன்.
அழைப்பு வந்த நேரம் கேட்கிற கட்டத்தை
நிரப்பாமல் விட்டிருக்கிறேன்.
அலுவலர் இன்னும் கையெழுத்துப் போடவில்லை.