ஒரு சாண் வெளியே

புகார் கொடுத்தது நான்தான்.
முதலிலேயே சொல்லிவிடுகிறேன்.

இரவு எட்டிலிருந்து காலை எட்டு வரை
தலைமுதல் கால்வரை வெள்ளை உறைக்குள் நின்று
வட்டச் சிலிக்கான் தகடுகளில்
தூசு தேடுவது என் வேலை.
மார்சிலிங் திரும்பி, குளித்து,
திரையை இழுத்துவிட்டுப் படுத்தால்
ஒன்பது மாடி ஏறிவந்து
பந்து என் நெற்றியில் தட்டும்.
டப். டப்.
பிறகு ஒரு நொடி மௌனம்.
அந்த மௌனம்தான் ஆளைக் கொல்லும்.
விழுந்ததா, இல்லையா என்று
காது காத்துக்கிடக்கும்.
அப்புறம் இரும்பு அதிரும்.

நகர மன்றத்துக்கு மூன்று முறை எழுதினேன்.
கைப்பேசியில் பதிந்த சத்தத்தையும் இணைத்தேன்.
'தங்கள் கருத்துக்கு நன்றி' இரண்டு முறை வந்தது.
மூன்றாம் முறை ஏணி வந்தது.

ஏறியவர் நான்கு திருகாணிகளைக் கழற்றினார்.
வளையத்தைக் கழுத்தில் மாட்டிக்கொண்டு
மாலையோடு வரும் மாப்பிள்ளைபோல் இறங்கினார்.
கம்பத்தில் நான்கு மொழிகளில் அறிவிப்பு கட்டினார்.
தமிழில் மட்டும் ஒரு துணைக்கால் விழுந்துபோயிருந்தது:
'இங்கே பந்து விளையாடக் கூடது.'
அதற்கும் ஒரு புகார் எழுத நினைத்து
அப்படியே தூங்கிப்போனேன்.

பொய் சொல்ல மாட்டேன்.
நன்றாகத் தூங்கினேன், பதினொரு நாள்.
குற்ற உணர்ச்சி எதுவும்
மின்தூக்கி ஏறிவந்து கதவைத் தட்டவில்லை.
சாப்பிட்டது செரித்தது.

ஜூன் விடுமுறையில் ஒரு பிற்பகல்
தண்ணீர் குடிக்க எழுந்தவள்
ஈரத்துணிக் கழிகளுக்கு இடையே
கீழே பார்த்தேன்.

ஐந்து பேர்.
ஆடிக்கொண்டுதான் இருந்தார்கள்.
பந்தைத் தரையில் தட்டவே இல்லை.
கைமாற்றி, கைமாற்றி,
கொதிக்கும் சிமெண்டில் காலுறையோடு ஓடி
எம்பி எறிந்தார்கள்,
வளையம் இருந்த இடத்தைப் பார்த்து.

பலகையில் மிச்சம் நான்கு ஓட்டைகள்.
அதற்குச் சற்று முன்னால், வெறும் காற்றில்,
அவர்களுக்கு ஒரு வளையம் இருந்தது.

ஆகவே ஒவ்வோர் எறிக்கும் ஒரு வழக்கு.
'மாசுக்!' என்றான் ஃபிர்தௌஸ்.
விளிம்பில் பட்டு வெளியே போனது என்றான் ஜுன் காய்.
எந்த விளிம்பு?
ஷர்மினி இடுப்பில் கைவைத்து
நேற்றைய கணக்கை எடுத்தாள்.
பெயர்கள் எனக்குத் தெரியும்.
ஆறு மாதம் என் தூக்கத்துக்குள் நின்றுதானே
ஒருவரை ஒருவர் கூப்பிட்டார்கள்.
குரலைத் தாழ்த்தித்தான் சண்டை போட்டார்கள்;
இரண்டு புளோக்குகளுக்கு நடுவே
முணுமுணுப்புக்கும் மின்தூக்கி உண்டு.

கீழே நிற்பவர்களுக்கு வளையம் ஒரு கோடு.
அதுவும் இல்லாத கோடு.
மேலிருந்து பார்ப்பவளுக்குத்தான் அது வட்டம்.
பன்னிரண்டு மணி நேரம்
வட்டங்களையே பார்த்துப் பழகிய கண்.
எண்ணத் தொடங்கினேன்.
ஃபிர்தௌஸுக்கு ஆறு.
ஜுன் காய்க்கு நான்கு, அதில் ஒன்று இனாம்.
மணி நான்கரை.
இரவு வேலைக்கு இன்னும் ஒரு தூக்கம் பாக்கி.

ஷர்மினி மூலையிலிருந்து எறிந்தாள்.
பந்து உயரமாக, அவசரமே இல்லாமல் போனது.
எல்லோரும் ஒன்றாக வாயைத் திறந்தார்கள்.

சன்னல் கம்பியைப் பிடித்துக்கொண்டு
நான் கத்தியிருக்கிறேன்:
'வெளியே! ஒரு சாண் வெளியே!'
கையை விரித்துச் சாணையும் காட்டியிருக்கிறேன்.

ஐந்து முகங்கள் அண்ணாந்தன.
'உங்கள யாரு ஆன்ட்டி கேட்டா?'
என்றாள் ஷர்மினி.
தமிழ் தெரியாத ஜுன் காய்
என் கையைப் படித்துவிட்டு
இரண்டு கைகளையும் தூக்கி ஆடினான்.
அடுத்த பந்தை எடுத்தவன்
எறிவதற்கு முன்
ஒரு கணம் மேலே பார்த்தான்.

எட்டாம் மாடியில் யாரோ
சன்னலை அறைந்து சாத்தினார்கள்.