ஒற்றைச் செருப்பு

பாலாற்றில் வெள்ளம் வந்த அன்று
தேசிங்கின் இடது செருப்பு போனது.
ஆம்பூர் தோல் ஷாப்பு கேட்டில்
வாட்ச்மேன் காலைப் பார்த்துச் சிரித்தான்.

மகளின் பாடத்தில் ஒரு கிரேக்கன்.
அவனுக்கும் ஆற்றோடு ஒன்றுதான் போனதாம்,
பார்த்த அரசன் நடுங்கினானாம்.
பிறகு கப்பல், ஐம்பது பேர்,
உறங்காத பாம்பு காக்கும்
தங்க ஆட்டுத்தோல்.

"சதை வழித்தது யாரு?
சுண்ணாம்புல போட்டா மயிர் கொட்டிடுமே,
எப்படிப் பதம் போட்டானுங்க?"
புத்தகத்தில் இல்லை என்றாள் பூவிழி.

அரைநாள் சம்பளம் வெட்டு.
யாரும் நடுங்கவில்லை.
வெறுங்காலோடு
ஈரத் தோல்களைப் புரட்டிக்கொண்டிருந்தான்.

செருப்பு இந்நேரம்
பள்ளிகொண்டா தாண்டியிருக்கும்.
அங்கே தூங்குவது பெருமாள்;
பாம்பு விழித்திருக்கிறது.
பார்த்திருக்கும்,
விட்டிருக்கும்.