பட்டன்

ஏழு சட்டைக்குப் பட்டன் வைத்து முடித்தேன்.
பக்கம் பாதிதான் வந்திருந்தது.
மேலே ஒரு நீலக் கோடு, கீழே வெள்ளை,
நடுவில் நிற்காமல் சுற்றும் வட்டம்.
சில நாள் அதுவும் இல்லை,
சிவப்பு முக்கோணம் வந்து மறித்துக்கொள்ளும்.

அனுப்பர்பாளையத்தில் எங்கள் வீடு.
கீழே நாலு ஓவர்லாக்,
மாடிப்படிக்கு அடியில் பட்டன் மிஷின்,
அதை ஒட்டி, செகண்ட்ஹேண்டில் வாங்கிய
இந்தக் கம்ப்யூட்டர்.
பில் போட, கணக்கு ஏற்ற,
இருபதாம் தேதி வந்தால் வயிற்றைக் கலக்க.

"தூக்கிப் போடுங்க்கா, முப்பதாயிரத்துக்குப் புதுசு வருது"
என்றான் கடைப் பையன், திறந்துகூடப் பார்க்காமல்.
பட்டனுக்கு இருபது பைசா.
முப்பதாயிரம் என்றால் ஒன்றரை லட்சம் பட்டன்.
மனசு இதைப் பெருக்கிக்கொண்டிருக்கையில்
கை ஸ்க்ரூடிரைவரை எடுத்துவிட்டது.

பக்கத் தகட்டைக் கழற்றினால்
எலி கூடு கட்டியதுபோல் உள்ளே பஞ்சு.
மஞ்சள், போன தீபாவளிக்கு முந்தின ஆர்டர்.
அடியில் சாம்பல்.
அதற்கும் அடியில் கருநீலம்,
அதற்கு இன்றுவரை பணம் வரவில்லை.
எல்லாம் சேர்ந்து ஃபேனின் கழுத்தை
நெரித்துக்கொண்டிருந்தன.

சைக்கிள் பம்பால் அடித்தேன்.
தும்மி முடித்த கைக்குட்டையில் மூன்று நிறம்.
இரைச்சல் அடங்கியது.
பக்கம் வரவில்லை.

கொழுந்தனார் பையன் ஹரிசுதன்
விளையாட இறக்கியதையெல்லாம் அழித்தேன்.
உச்சியில் ஒட்டியிருந்த நாலு தேடல் பட்டைகளை
சைஸ் ஸ்டிக்கரை உரிப்பதுபோல் உரித்தேன்.
கேபிள்காரர் மாசிலாமணியோடு
மூன்றாம் தடவையாகச் சண்டை.
"ஏனுங் அம்மிணி, உங்க தெருவுல அத்தன பேர்த்துக்கும் வருதுங்.
உங்களுக்கு மட்டும் நான் என்னங் பண்டறது?"

அப்புறம்தான் படித்தேன்,
இத்தனை நாள் வந்ததும் வராததுமாய்
அடித்து மூடிய அந்த ஒற்றை வரியை:
உங்கள் கடிகாரம் பின்தங்கியுள்ளது.

வலது மூலையில், எறும்பு எழுத்தில்,
ஒன்று ஒன்று இரண்டாயிரத்து ஒன்பது.
கரண்ட் போய்ப் போய் வரும்போதெல்லாம்
அங்கே போய்த்தான் கண் விழித்திருக்கிறது.

அதன் கணக்கில்
ஜிஎஸ்டி இன்னும் பிறக்கவில்லை.
நொய்யல் சாயமாய் ஓடுகிறது.
நானும் இவரும் ஆளுக்கொரு கம்பெனியில்
பீஸ் ரேட்டுக்குத் தைக்கிறோம்.
இந்த வீட்டின் மேல் கடன் இல்லை,
வீடே இல்லை.
அதன் வாசலில் வந்து நிற்கிறவர்களோ
இன்னும் வராத வருசத்தின் முத்திரை குத்திய
சான்றிதழை நீட்டுகிறார்கள்.
நானாக இருந்தாலும்
தாழ்ப்பாளை எடுத்திருக்க மாட்டேன்.

மாசிலாமணிக்குப் போன் செய்து
மன்னிப்புக் கேட்கலாம்.
நாளைக்கு.

பலகையின் ஓரத்தில் வெள்ளி வட்டம்.
கோட்டுப் பட்டன் அளவு, துளை மட்டும் இல்லை.
நகத்தால் நெம்பி எடுத்து, முந்தானையில் முடிந்து
பழைய பஸ் ஸ்டாண்டு போனேன்.
கடிகாரக் கடை ஹமீது பாய்
கண்ணில் லென்ஸைக் கழற்றாமல் கேட்டார்:
"எந்தக் கடிகாரத்துக்குங்?"
ரெண்டாயிரத்து ஒம்போதுல நின்னதுக்குங், என்றேன்.
சிரிக்கவில்லை.
நாற்பது ரூபாய்.

அழுத்தினேன், டிக்கென்று உட்கார்ந்தது.
தேதி வைத்தேன்.
நேரம் சரியானதும் முதல் ஆளாய் வந்து நின்றது
தாமதக் கட்டணம்.
நாளுக்கு ஐம்பது, ஆறு நாளுக்கு முந்நூறு.
ஒரு கணம் அந்தப் பட்டனைத் திரும்பப் பிடுங்கலாமா என்றிருந்தது.
அரசாங்கத்துக்கு வேறு கடிகாரம்.

இப்போதும் அது ஓடவில்லை, நடக்கிறது.
முன்பு பாதிப் பக்கத்துக்கே ஏழு சட்டை,
இப்போது முழுப் பக்கத்துக்கு இரண்டு.
மூன்றாவதில் நூல் அறுந்தது.
கோத்து, முடிந்து, நிமிர்ந்தால்
பக்கம் எப்போதோ வந்து
எனக்காகக் காத்திருக்கிறது.