கேதம்

செக்காலை ரோட்டில் என் கடை,
எட்டுக்குப் பத்து.
உடைந்த திரைகள், வீங்கிய பேட்டரிகள்,
கிணற்றில் விழுந்தவை, சாம்பாரில் விழுந்தவை,
பழநிப் பாதயாத்திரையில்
குன்றக்குடி வரைக்கும் புழுதி குடித்தவை.

சுவரில் டோங்கோ.
கலர் பிரிண்ட், ஓரம் சுருண்டது.
வெள்ளி நரைத்த முதுகு பாதி தெரிய
திரும்பி உட்கார்ந்திருக்கிறான்.
வெள்ளிக்கிழமை ஒரு முழம் கதம்பம் சாத்தினேன்.

அன்றிலிருந்து
வருகிறவர்கள் செருப்பைக் கழற்றுகிறார்கள்.
"ஆஞ்சநேயரு இவ்வளவு கோவமா இருந்து பார்த்ததில்லையே"
என்றார் பூக்காரர் வயிரவன்.
இல்லண்ணே, கொரில்லா. இறந்துபோச்சு.
சட்டென்று குரல் தாழ்ந்தது.
"கேதமா? பதினாறு எப்ப?"

விடிகாலை நாலு மணி. இருதயம்.
வயது முப்பத்தெட்டு.
"என்ன உறவு?"
அதற்குத்தான் இன்னும் சொல் தேடுகிறேன்.

அடைக்கலம், கோட்டையூர்க்காரன்,
ஐ.டி.ஐ.யில் என் பக்கத்து பெஞ்ச்.
ஏஜெண்டுக்கு இரண்டு லட்சம் கட்டித்
தரை கழுவக் கடல் தாண்டினான்.
மிருகக்காட்சிசாலை என்பது
இறங்கிய பிறகுதான் தெரியும்.
பதினோரு வருஷம் ஆயிற்று.
அவன் பெயருக்கும் வேலைக்கும்
யார் பார்த்த பொருத்தமோ.

வீடியோ அனுப்புவான்.
முள்ளங்கியை முகர்ந்து தள்ளிவிடும் டோங்கோ.
ராத்திரிக்கு வைக்கோலை வட்டமாக இழுத்துப் போட்டு
நடுவில் உட்கார்ந்து பார்த்து
சரியில்லை என்று மறுபடி கலைக்கும் டோங்கோ.
கூண்டில் பிறந்தவனுக்கு
கூடு கட்ட யார் சொன்னது?

நெஞ்சு ஸ்கேனுக்கு அவனுக்கு மயக்க ஊசி கிடையாது.
"நெஞ்சு" என்பான் அடைக்கலம், தமிழில்தான்.
டோங்கோ எழுந்து வந்து
இரண்டு கைகளையும் உயர்த்தி வலையைப் பிடித்து
மார்பை ஒட்டிக் கொடுப்பான்.
ஒரு நிமிஷத்துக்கு ஒரு திராட்சை.
அந்த நிமிஷங்களைச் சேர்த்து வைத்துத்தான்
வேறு கூண்டுகளில், வேறு ஊர்களில்
இப்போது வைத்தியம் பார்க்கிறார்களாம்.

அவன் கண்ணாடிக்கு முன்னால் ஒரு பெட்டி,
பழைய போன்களைப் போடச் சொல்லி.
மேலே அவன் மூக்கு ரேகை.
(நமக்கு விரல், அவர்களுக்கு மூக்கு.)
எதுக்குடா என்றேன்.
"நீ தினம் நோண்டுற போர்டுல
எள்ளு மாதிரி ஒண்ணு இருக்கும்ல, அதுக்கு."

டான்டலம்.
பத்து வருஷமாகச் சாமணத்தால் கிள்ளி
ஊதித் தள்ளிய எள்.
காங்கோவில் காட்டு மண்ணைத் தோண்டி எடுக்கிறார்கள்.
தோண்டுகிறவனுக்கும் பசிக்கும்.
எதிரே வந்ததைச் சுடுகிறான்.
சாகிறவை டோங்கோவுக்கு நேர் சொந்தமில்லை,
கிழக்குக் காட்டுப் பங்காளிகள்.
பங்காளி என்றால் தீட்டு உண்டுதானே.

நானும் ஒரு பெட்டி வைத்தேன்.
மூன்று வருஷத்தில் நானூற்றுப் பன்னிரண்டு.
பள்ளத்தூர் ஆச்சி ஒருவர்
பிஸ்கட் டின் நிறையக் கொண்டுவந்து கொட்டினார்.
"எங்க வீட்டுத் தூணெல்லாம் பர்மாத் தேக்கு.
அந்தக் காட்டுல என்னென்ன இருந்துச்சோ,
யாரு கேட்டா" என்றவர்
சில்லறை வாங்காமல் ஆட்டோவில் ஏறிவிட்டார்.

மூட்டை கட்டிச் சென்னைக்கு அனுப்புவேன்.
எங்கோ ஒரு குழி
ஒரு நாள் தள்ளிப்போகும் என்கிறான் அடைக்கலம்.
அவனுக்கும் நிச்சயமில்லை.

டோங்கோ காட்டைப் பார்த்ததே இல்லை.
அவனைப் பார்த்தவர்கள்
காட்டை நினைத்தார்கள்.
அவன் எதை நினைத்தான்?
அது எந்த ஸ்கேனிலும் விழவில்லை.

நேற்று ஷட்டரை இறக்கிவிட்டு
என் போனைத் திறந்தேன்.
சார்ஜ் நிற்பதில்லை, திரையில் விரிசல்.
ஊருக்குச் சொல்கிற நியாயப்படி
பெட்டிக்குப் போக வேண்டியது.
உள்ளே நூற்றுப் பதினேழு வீடியோ.
அவனை நான் பார்த்ததெல்லாம்
அந்த எள்ளின் வழியாகத்தான்.

பேட்டரியை மட்டும் மாற்றினேன்.
கடைசி வீடியோ.
"நெஞ்சு" என்கிறது அடைக்கலத்தின் குரல்.
மூலையிலிருந்து எழுந்து
மெதுவாக, மூச்சு வாங்கி,
இரண்டு கைகளையும் உயர்த்துகிறான்.
திராட்சை இன்னும் வரவில்லை.