கையும் கட்டையும்

பார்னு நகரில் பிப்ரவரி.
சாலையில் உப்பைத் தூவிவிட்டுப் போகிறது நகராட்சி வண்டி.
உப்பு, உருகிய சேறு,
பிரேக் உதிர்க்கும் இரும்புத் தூள்,
மூன்றும் சேர்ந்து சக்கரத்தில் ஏறி
அடிப்பிடித்த சட்டிபோல் காய்ந்துவிடும்.
சவ வண்டிக்கு மட்டும்
விதிவிலக்கு உண்டா என்ன?

பதினொன்றரைக்கு அடக்கம்.
ஒன்பதே காலுக்கு நான் இன்னும்
முன்சக்கரத்தின் மூன்றாம் ஆரத்தில்,
பழைய பல்துலக்கியும் கையுமாக.
தாவெட் ஒரு சீசாவை நீட்டினான்.
சந்தையில் வாங்கியது. சிவப்பு மூடி.
"அடி. பத்து எண்ணு. கழுவு."
அவன் பெட்டி தூக்குகிறவன்,
எதையும் மூன்று சொல்லில் முடிப்பவன்.

சீசாவின் முதுகில் ஒரு சின்னப் படம்:
மேலிருந்து சொட்டுகள்,
கீழே ஒரு கை, ஓர் உலோகக் கட்டை,
இரண்டிலும் அரித்த பள்ளம்.
கையைப் பார்த்தேன். கையுறை மாட்டினேன்.
கட்டையைப் பார்க்கவில்லை.

அடித்தேன்.
ஹாப்சாலுவிலிருந்து அப்போதுதான் வந்த வண்டி,
சக்கரத்தில் சூடு இன்னும் இருந்தது.
நான் ஏழு எண்ணுவதற்குள்
ஓரங்களில் காயத் தொடங்கிவிட்டது.
அழுக்கு போனது, உண்மை.
இத்தனை வருடம் நான் காணாத வெள்ளி
அடியில் இருந்து எழுந்து வந்தது.
அதைப் பார்த்துக்கொண்டே இருந்துவிட்டேன்.
தெறித்த துளிகள் மேலே,
கதவின் கீழ் ஓடும் அலுமினியப் பட்டையில்
தம் வேலையைத் தாமே பார்த்துக்கொண்டன.

தண்ணீர் ஊற்றியபோது தெரிந்தது.
பால் சிந்திய மாதிரி நான்கு கறை,
நான்காவதற்கு ஒரு வாலும்.
துணியால் துடைத்தேன், போகவில்லை.
மெழுகு பூசினேன்.
ஈரமாய் இருந்தவரை மறைந்தது,
காய்ந்ததும் திரும்பி வந்து
அதே இடத்தில் உட்கார்ந்தது.

தேவாலய வாசலில் பனி இறுகியிருந்தது.
இறந்தவர் ஓஸ்கர் லேப்பிக், படகு எஞ்சின் பழுதுபார்த்தவர்.
பெட்டியை ஏற்றும்போது
அவர் தங்கை ஹில்யா ஒதுங்கி நின்றாள்.
பார்வைக்கு ஏதாவது ஒன்று வேண்டுமே,
பட்டையில் நின்றது.
குனிந்து, கைக்குட்டையை எச்சிலில் நனைத்து
அந்த நாலாம் கறையைத் தேய்த்தாள்.
குழந்தையின் கன்னத்தில்
தேய்ப்பார்களே, அப்படி.
தேய்த்துப் பார்த்தாள், நிமிர்ந்தாள்,
மறுபடி தேய்த்தாள்.

சொல்லியிருக்கலாம்:
அம்மா, அது அழுக்கு இல்லை.
அழுக்கைத் தாண்டிப் போன என் அவசரம்.
வாய் வரவில்லை.
கதவை மெதுவாகச் சாத்தினேன்,
அவள் விரல் விலகும்வரை பொறுத்து.

இப்போது நான் வாங்குவது வேறு.
அமிலமும் இல்லை, காரமும் இல்லை,
விலை இரட்டிப்பு, நாற்றம் அழுகிய முட்டை.
புறங்கையைச் சக்கரத்தில் வைத்துப் பார்க்கிறேன்,
சுட்டால் காபி குடிக்கப் போகிறேன்.
பட்டை முழுதும் முதலில் தண்ணீர்.
கதவைத் திறந்தால் மட்டும் தெரியும் விளிம்பில்
ஒரே ஒரு துளி.
ஐந்து நிமிடம் அதன் முகத்தையே பார்ப்பேன்.
பிறகுதான் சக்கரம்.
இரும்புத் தூள் கத்தரிப்பூ நிறத்தில்
அழுது வடிகிறது வடிகாலுக்கு.
காயவிடாமல் கழுவுகிறேன்.
தாவெட் கடிகாரத்தைப் பார்க்கிறான்.
பார்க்கட்டும்.

புதுப் பட்டைக்கு முந்நூற்றுப் பத்து யூரோ,
வந்துசேர ஆறு வாரம்.
முதலாளி இதுவரை கேட்டு எழுதவில்லை.
நாலு கறையும் அப்படியேதான் இருக்கின்றன.
வால் உள்ளதன் மேல் மட்டும்
ஒவ்வொரு முறையும் துணி
கொஞ்சம் அதிக நேரம் நிற்கிறது.