ஊர்மாறாட்டம்

கிளீவ்லாந்து மாநகராட்சியில்
தெருப் பெயர்ப்பலகை மாட்டுகிற வேலை எனக்கு.
பதினெட்டு வருடம்.
ஏணி, திருகுசாவி, ஆரஞ்சு மேல்சட்டை,
குளிர்காலத்தில் இரட்டைக் கையுறை.

ஜூலையில் ஓர் உத்தரவு:
கிழக்கு ஒன்பதாம் தெருவைக் கழற்றி
'செனட்டர் சாலை'யை மாட்டு.
சுப்பீரியர் அவென்யூ இருந்த இடத்தில்
'வெள்ளிக்கோபுர வீதி'.
பதினோரு நாளைக்கு நாங்கள் ஹால்செட் மாநகரம்.
ஊர் பேர் தெரியாத ஊர்,
ஆனால் அதன் பலகைகளில் துரு இல்லை,
எழுத்தெல்லாம் தங்க நிறம்.

முதல் நாள் லாரியில் இடிபாடு வந்து இறங்கியது.
பத்துச் செங்கலை ஒரே கையில்
தூக்கிக்கொண்டு போனான் ஒரு பொடியன்.
இடிபாடுதான் வேண்டுமென்றால்
ஐம்பத்தைந்தாம் தெருவுக்கு அந்தப் பக்கம்
சும்மாவே கிடைக்குமே என்றேன்.
கலை இயக்குநரின் உதவியாளர் சிரிக்கவில்லை.
"போய்ப் பார்த்தோம்.
கேமராவில் நிஜம்போலத் தெரியவில்லை."

பிறகு பனி. காகிதத்தூள்.
பிப்ரவரி முழுக்க மண்வாரியால் பனி தள்ளி
இடுப்பொடிந்தவர்கள்
வேர்க்க வேர்க்கத் தடுப்புக்கு இந்தப் பக்கம் நின்று
கை நீட்டி அதைப் பிடித்துப் பார்த்தார்கள்.

என் மைத்துனி ஜெர்லின்
தப்பியோடும் கூட்டத்தில் நாற்பத்தேழாவது ஆள்.
கூலிக்கு மாரடிக்கிற வேலைதான்:
வானத்தைப் பார், அலறு,
வங்கிப் படிக்கட்டில் இறங்கி ஓடு.
ஒன்பது தடவை ஓடினாள்.
"அதே படிக்கட்டு" என்றாள் இரவில்,
வெந்நீரில் பாதத்தை வைத்தபடி.
"வீடு போன அன்றைக்கு
வானத்திலிருந்து யாரும் வரவில்லை.
மெதுவாகத்தான் இறங்கினேன்."

வில்லன் ஆற்றைக் கொளுத்துவான் என்று கதை.
குயஹோகா கரையில் எரிவாயுக் குழாய் பதித்து
மூன்று தீயணைப்பு வண்டிகளை நிறுத்தி
ஒரே ஒரு நிமிடம், மிக ஜாக்கிரதையாக.
ஒரு காலத்தில்
வில்லன் எவனும் இல்லாமல்
எண்ணெயும் கழிவும் மிதந்து
தானே பற்றிக்கொண்ட ஆறு இது.
யாரும் அவர்களிடம் சொல்லவில்லை.
சொல்லியிருந்தால்
நம்பும்படி இல்லையென்று வெட்டியிருப்பார்கள்.

அடுத்த மே மாதம் படம் வந்தது.
செனட்டர் சாலையில் இடப்பக்கம் திரும்பிய நாயகன்
ஆற்றுக்கு மேற்கே ஐந்து மைல் தள்ளி வந்து சேர்ந்தான்.
தியேட்டரே சிரித்தது.
"இருபத்திரண்டாம் நம்பர் பஸ்
அப்படிப் போகாதுடா!" பின்வரிசையில் ஒரு குரல்.
கோபுரம் சரிந்தபோது
"ஐயோ, என் பல் டாக்டர்!" என்றாள் ஒருத்தி.
உலகத்தைக் காப்பாற்றியவனுக்குக் கைதட்டல் குறைவு.
ஜெர்லினின் முழங்கை கால் நொடி வந்தது.
ஒரு வரிசை முழுக்க எழுந்து நின்றோம்.

நன்றிப் பட்டியலில் எங்கள் ஊர்
சாப்பாடு போட்டவர்களுக்குக் கீழே,
நாய் பழக்கியவருக்கு மேலே.

பலகைகளைத் திருப்பி மாட்டியதும் நான்தான்.
இருபத்தாறு கொடுத்தார்கள்,
இருபத்தைந்து எண்ணி ஒப்படைத்தேன்.
மூடிப்போன தொப்பிக்கடைக்குப் பின்னால்
ஒரு சந்தில் ஒன்று விட்டுப்போயிற்று.
அந்தச் சந்துக்கு அதற்கு முன்னால் பெயரே கிடையாது.

போன வாரம் ஏணியோடு போனேன்.
கம்பத்தடியில் கூடாரம் போட்டிருந்தவர்
ஒரு பார்சலைப் பிரித்துக்கொண்டிருந்தார்.
டொலிடோவிலிருந்து அக்கா அனுப்பியது.
மேலே அவர் பெயர்,
கீழே தங்க எழுத்தில் இருந்த அதே தெரு,
அதற்குக் கீழே கிளீவ்லாந்து.
தபால்காரி நேரே கொண்டுவந்து கொடுத்தாளாம்.

ஏணியை மறுபடி வண்டியில் கட்டினேன்.
படிவத்தில் 'தொலைந்தது' என்று எழுதினேன்.
பெட்டிக்குள் ஆறு ஜோடிக் கம்பளிக் காலுறை.
ஒன்றை எனக்கு நீட்டினார்.
அளவு சின்னது.
வாங்கிக்கொண்டேன்.